பாயும் மோட்டாரும்: மைக்ரோலைட் விமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாங்கள் நாலைந்து பேர் மாடல் விமானம் விடுவோம். ரப்பர் பேண்டில் ஓடுவதும், கையால் எறிந்தால் மிதந்து போகிற கிளைடரும்தான். காற்று ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் ஆறரைக்கெல்லாம் அங்கே இருப்போம். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பையன்கள் மணலில் உட்கார்ந்தே விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன் கேட்பான்: "சார், இதையே பெரிசா செஞ்சா ஆள் ஏறிப் போகலாமா?"

போகலாம், போயிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் ஒவ்வொரு வாரமும் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷம் பட்டறை ஆசிரியராக இருந்தவன் நான். பெங்களூரு ஜக்கூரில் ஒரு மைக்ரோலைட்டின் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை பறந்தேன். அன்றிலிருந்து இந்த விமானம் எப்படி இப்படி ஆனது என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மைக்ரோலைட் என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவரோ இருவரோ மட்டும் ஏறக்கூடிய, எடை மிகக் குறைந்த, மெதுவாகப் பறந்து மெதுவாக இறங்கும் மோட்டார் விமானத்தை. எடை வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1982-ல் வந்த விதி ஒரே ஒரு இருக்கைதான் என்றது. வெறும் விமானத்தின் எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் சுமார் 19 லிட்டர். வேகம் மணிக்குச் சுமார் 100 கி.மீ. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 450 கிலோ என்ற கணக்கு வெகுகாலம் இருந்தது. பிரிட்டனில் இப்போது 600 கிலோ வரை விட்டிருக்கிறார்கள்.

ஒரு புல்லட் வண்டி 190 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைவிட லேசான ஒன்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று சொன்னால் பையன்களின் கண் விரியும். எனக்கும் இன்னும் விரிகிறது.

அல்ட்ராலைட், மைக்ரோலைட்: இரண்டும் ஒன்றுதானா?

ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவில் அல்ட்ராலைட் என்பார்கள், பிரிட்டனில் மைக்ரோலைட் என்பார்கள். விதிமுறைகளில் எடைக் கணக்கு வேறுபடும், அவ்வளவுதான். பிரிட்டிஷ் சங்கம் 1979-ல் தொடங்கியபோது அதன் பெயரில் 'மினிமம்' என்ற சொல்தான் இருந்தது. பிறகுதான் 'மைக்ரோலைட்' ஆனது. குறைந்தபட்ச விமானம் என்ற அந்தப் பழைய பெயர் எனக்குப் பிடிக்கும். எதையெல்லாம் கழற்றிப் போட்டாலும் பறக்கும் என்று தேடிப் போன விஷயம் இது.

இதை முதலில் செய்தது யார்?

ஒருவர் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் 1891-லிருந்து குன்றுகளின் சரிவில் ஓடி, இறக்கையைத் தோளில் தாங்கிப் பறந்தார். மோட்டார் கிடையாது. உடம்பை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டித்தான் திருப்பினார். ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். 1896 ஆகஸ்டில் காற்று தூக்கிப்போட்டு விழுந்து, மறுநாள் இறந்தார். உடம்பின் எடையை நகர்த்தித் திருப்புகிற அவருடைய முறை 70 வருஷம் கழித்துத் திரும்பி வந்தது.

அடுத்தவர் பாரிஸில் வாழ்ந்த பிரேசில்காரர் சாண்டோஸ் துமோன். 1907-லிருந்து 1909 வரை அவர் செய்து திருத்திய 'தெமுவாசேல்' என்ற குட்டி விமானத்தின் உடல் மூங்கில். ஆமாம், மூங்கில் கழிகள்தான். அதன் மேல் துணி போர்த்திய இறக்கை, அவர் தலைக்கு மேலே சின்ன மோட்டார். ரைட் சகோதரர்களின் 1903 விமானமே வெறும் எடையில் 274 கிலோ. இது அதில் பாதிக்கும் நன்றாகக் கீழே. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவர் காப்புரிமை வாங்காமல் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்று விட்டதுதான். சொந்தமாக விமானம் செய்வோர் எல்லோருக்கும் அவர் மூத்தவர்.

1923 அக்டோபரில் இங்கிலாந்தின் லிம் (Lympne) என்ற ஊரில் சிக்கன விமானங்களுக்குப் போட்டி வைத்தார்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜின் வைத்த 'ரென்' என்ற விமானம் ஒரு கேலனுக்கு 87.5 மைல் பறந்து பரிசைப் பகிர்ந்துகொண்டது. நம் கணக்கில் லிட்டருக்கு சுமார் 31 கி.மீ. மைலேஜ். இந்தக் காலத்துக் கார்களில்கூட அந்த மைலேஜ் தருவது அபூர்வம். ஆனால் அந்த விமானங்களுக்கு சக்தி போதவில்லை. எதிர்காற்று வந்தால் திணறின. அந்த முயற்சி அப்படியே ஓய்ந்தது.

'வானத்துப் பேன்' என்று ஒரு விமானம் இருந்ததாமே?

புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற ஒரு மாணவி கேட்டது இது. 'பூ துயு சியெல்' என்பதை அவள் அப்படியே தமிழில் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிரான்ஸின் ஆன்ரி மின்யே 1933-ல் பறக்கவிட்டது. பெட்டி செய்யத் தெரிந்தவன் இதையும் செய்யலாம் என்பது அவர் கொள்கை. முன்னால் ஒரு இறக்கை, சற்றுத் தாழ்வாகப் பின்னால் ஒன்று. காலால் மிதிக்கும் கட்டுப்பாடே கிடையாது. முன் இறக்கை முழுவதும் சாய்ந்து ஏறவும் இறங்கவும் வைக்கும். பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் தச்சர்களும் மெக்கானிக்குகளும் வீட்டுக் கொட்டகையில் செய்து பறந்தார்கள்.

அப்புறம் சாவுகள் வரத் தொடங்கின. ஒரே மாதிரி விபத்து: மூக்கு கீழே குத்தும், கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்தாலும் நிமிராது. இரண்டு நாட்டிலும் முழு விமானத்தையே, விசிறியால் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுக்குகைக்குள் வைத்துச் சோதித்தார்கள். செங்குத்தாக இறங்கும்போது இரண்டு இறக்கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் காற்று பாய்கிற விதம், பின் இறக்கையைத் தூக்கி மூக்கை இன்னும் கீழே தள்ளியது. நிமிர்த்த இழுக்க இழுக்க நிலைமை மோசமானது. 1936-ல் தடை வந்தது. பிறகு வடிவத்தைத் திருத்தினார்கள், ஆனால் நம்பிக்கை போனது போனதுதான்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்யே சோம்பேறியோ ஏமாற்றுக்காரரோ இல்லை. தன் விமானத்தில் தானே பறந்தவர். நல்ல மனசும் கைத்திறமையும் இருந்தும், ஒரு இடைவெளி சில அங்குலம் தவறினால் ஆள் போய்விடுகிறது. மைக்ரோலைட்டின் ஒவ்வொரு பாகத்தின் பின்னாலும் இப்படி ஒரு சம்பவம் உண்டு.

இறக்கை எப்படித் துணியானது?

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் அரசு விமான ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோ. வேலை நேரத்தில் இந்த யோசனைக்கு இடமில்லாததால் வீட்டிலேயே, மனைவி கெர்ட்ரூடோடு சேர்ந்து, மின்விசிறி வைத்து ஒரு காற்றுக்குகை கட்டினார். 1948-ல் சமையலறை ஜன்னலின் பூப்போட்ட திரைச்சீலையைக் கழற்றி கெர்ட்ரூட் தைத்துக் கொடுத்தார். அதுதான் முதல் ரொகாலோ இறக்கை. உள்ளே சட்டம், விலா எதுவும் இல்லாமல், காற்று நிரப்பினால் மட்டும் வடிவம் எடுக்கிற இறக்கை.

எங்கள் ஊர் மீனவப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலத்தில் அதைத்தானே தினமும் செய்தார்கள்? காற்று உள்ளே புகுந்து வயிறு புடைத்த பாய், படகை இழுத்துப் போகும். அதையே படுக்கவைத்தால் இறக்கை. மைக்ரோலைட்காரர்கள் இன்றும் துணி இறக்கையைப் 'பாய்' என்ற பொருளில் படகுக்காரர்களின் சொல்லால்தான் குறிக்கிறார்கள். துணியும் படகுப் பாய்க்கு நெய்கிற டாக்ரான்தான்.

1951-ல் ரொகாலோவுக்குக் காப்புரிமை கிடைத்தது. விண்வெளி யுகம் பிறந்ததும் நாசா இந்த இறக்கையில் ஜெமினி விண்கலத்தைத் தரைக்கு மிதக்கவிடலாமா என்று பார்த்து, 1962-ல் ஆளேற்றிச் சோதனைகூடச் செய்தது. கடைசியில் பாராசூட்டே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பத்திரிகைகளில் வந்த அந்தச் சோதனைப் படங்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தன. ரொகாலோ தம்பதியும் பணம் கேட்காமல் இறக்கையை எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார்கள்.

துணி இறக்கைக்குக் கீழே இருக்கும் அந்த முக்கோணக் கம்பி எதற்கு?

இதற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். கிராஃப்டன் என்ற ஆற்றங்கரை ஊரில் தண்ணீர்ச் சறுக்கு விளையாடும் சங்கத்தினர், திருவிழாவுக்குப் படகு இழுத்துப் பறக்கும் பட்டம் ஒன்று வேண்டும் என்று ஜான் டிக்கன்சனிடம் கேட்டார்கள். 1963. அவர் பத்திரிகையில் ரொகாலோ இறக்கையின் படத்தைப் பார்த்து ஒன்று செய்தார். பாய்க்கு எடுத்தது வாழைத்தாருக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள்! வாழை பயிரிடுகிற நம் பக்கத்துக்காரர்களிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அவர் சேர்த்த புதுமை அந்த முக்கோணச் சட்டம். பறப்பவர் இறக்கையின் நடு எலும்பிலிருந்து ஊஞ்சல் மாதிரித் தொங்குவார். அவர் முன்னால் அந்தச் சட்டம், இறக்கையோடு இறுகப் பிணைந்தது. கம்பியைத் தன் பக்கம் இழுத்தால் உடம்பு முன்னே போகும், மூக்கு தாழும், வேகம் கூடும். தள்ளினால் உடம்பு பின்னே வரும், மூக்கு நிமிரும், வேகம் குறையும். பக்கவாட்டில் நகர்ந்தால் திரும்பும். லிலியந்தால் தோளில் கட்டி சிரமப்பட்டுச் செய்ததை ஒரு குழந்தை கற்கிற அளவுக்கு எளிமையாக்கினார். மோட்டார் இல்லாமல் தொங்கிக்கொண்டு பறக்கிற இன்றைய ஹேங் கிளைடரும், மூன்று சக்கரத்தில் ஓடும் துணி இறக்கை மைக்ரோலைட்டும் இதே சட்டத்தில்தான் நிற்கின்றன.

1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் மூங்கிலும் பிளாஸ்டிக் தாளும் வைத்து மணல்மேட்டில் பறக்கத் தொடங்கினார்கள். 1971 மே 23 அன்று, லிலியந்தாலின் பிறந்தநாளில், அவர் பெயரிலேயே ஒரு கூட்டம் நடத்தினார்கள்.

மோட்டாரை முதலில் மாட்டியது யார்?

பேரி பால்மர் என்ற அமெரிக்கர் 1967-லேயே ரொகாலோ இறக்கையின் கீழ் சக்கரமும் மோட்டாரும் வைத்துப் பறந்துவிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஊரைக் கவனிக்க வைத்தவர் ஜான் மூடி. அவர் ஊரான விஸ்கான்சின் தட்டையான மாநிலம், குதிப்பதற்கு மலை கிடையாது. மலை இல்லாத ஊர்க்காரன் என்ன செய்வான்? 1975 மார்ச் 15 அன்று, உறைந்த ஏரியின் மேல், 'இக்காரஸ் 2' என்ற இரட்டை இறக்கை ஹேங் கிளைடரின் பின்னால் 12 குதிரைசக்தி கோ-கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) இன்ஜினை மாட்டி, தன் கால்களால் ஓடி மேலெழுந்தார். அடுத்த வருஷம் ஓஷ்காஷ் விமானத் திருவிழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஓடிப் பறந்து காட்டினார்.

கடலூரும் தட்டையான ஊர்தான். அதனால்தானோ என்னவோ, மூடியின் கதையை எங்கள் பையன்கள் ஒருபோதும் மறப்பதில்லை.

ஓடிப் பறக்கிற காலம் சீக்கிரமே முடிந்தது. சக்கரம் வந்தது, இருக்கை வந்தது. 'குவிக்சில்வர்' ஹேங் கிளைடராகப் பிறந்து சக்கரம், மோட்டார் எல்லாம் சேர்ந்து முழு விமானமானது. பிரான்ஸில் 1980-ஐ ஒட்டி ரோலான் மகல்லோன் சாதாரண ஹேங் கிளைடரின் கீழ் மாட்டிக்கொள்ளும் மூன்று சக்கர வண்டியை விற்கத் தொடங்கினார். டிரைக் என்று இன்று நாம் சொல்வது அந்த வகைதான்.

எந்த மாதிரி இன்ஜின் போட்டார்கள்?

கையில் கிடைத்ததெல்லாம். கோ-கார்ட் இன்ஜின், மரம் அறுக்கிற சங்கிலி ரம்பத்தின் இன்ஜின், அப்புறம் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் இன்ஜின். எல்லாம் 2-ஸ்ட்ரோக். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: பெட்ரோல் பங்க்கில் 2டி ஆயிலும் சேர்த்து அடித்தோமே, பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டு போனதே, அந்த ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் இன்ஜின்தான். வால்வு கிடையாது, ஆயில் தொட்டி கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. அதனால் எடைக்கு மீறிய சக்தி. பறக்க வேண்டுமென்றால் எடைதான் முதல் கணக்கு.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. ஆயில் கலப்பு, 50-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் குறைந்தாலும் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். சாலையில் அப்படி நடந்தால் வண்டியை ஓரம் கட்டித் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். 500 அடி உயரத்தில் ஓரம் கிடையாது. அதனால் பழைய பயிற்சியாளர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்லிக் கொடுத்தார்கள்: இன்ஜின் இந்த நிமிடமே நிற்கப் போகிறது என்று நினைத்துப் பற, எந்த நேரமும் இறங்க ஒரு வயல் கண்ணில் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல் புரொப்பல்லர். சின்ன 2-ஸ்ட்ரோக் வேகமாகச் சுற்றினால்தான் சக்தி தரும். அந்த வேகத்தில் நேரடியாகப் புரொப்பல்லரைச் சுற்றினால் குட்டியான ஒன்றைத்தான் மாட்ட முடியும். அது காதைப் பிளக்கும், காற்றைச் சரியாகத் தள்ளாது. முதலில் பெல்ட், பிறகு பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்தார்கள். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 503 இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று ஓடும்போது, 2.58-க்கு 1 கியர் வைத்தால் புரொப்பல்லர் ஏறத்தாழ 2,500 சுற்றுதான் சுற்றும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றி நிறையக் காற்றைத் தள்ளும். இந்த ஒரு மாற்றம்தான் தத்திக்கொண்டிருந்ததை இரண்டு பேரைத் தூக்க வைத்தது என்பது என் கருத்து.

ரோட்டாக்ஸ் நிறுவனம் 1989-ல் 912 என்ற 80 குதிரைசக்தி 4-ஸ்ட்ரோக் இன்ஜினைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து மைக்ரோலைட்டின் வரலாற்றை 912-க்கு முன், 912-க்குப் பின் என்று பிரித்துவிடலாம். கடலைத் தாண்டுகிற தைரியம் சாதாரணப் பறப்பாளருக்கும் வந்தது அதற்குப் பின்தான்.

அந்த நாளில் ஏன் அவ்வளவு பேர் இறந்தார்கள்?

மூன்று காரணம் சொல்வேன். முதலாவது, பாய். பழைய ரொகாலோ இறக்கை செங்குத்தாக மூக்கைக் குத்தினால் துணி காற்றைப் பிடிக்காமல் படபடக்கத் தொடங்கும். தூக்குவிசை போய்விட்டால் கீழே தொங்குகிற ஆள் கம்பியை எப்படித் தள்ளினாலும் பயன் இல்லை. ஊஞ்சல் கயிறே தளர்ந்த மாதிரி. நேராகத் தரைக்கு. இதற்கு மருந்தைக் கண்டுபிடிக்கச் சில வருஷம் ஆனது. பாய்க்குள் வளைந்த அலுமினியக் குச்சிகளைச் செருகினார்கள். நடுப்பகுதியின் பின்விளிம்பு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து நிற்கும்படி மேலிருந்து மெல்லிய கம்பிகளால் கட்டினார்கள். இறக்கை நுனி தொய்ந்துவிடாமல் தாங்குகுச்சி வைத்தார்கள். இறக்கையை லாரியின் மேல் கட்டி ஓட்டி, மூக்கு தானாக நிமிர்கிறதா என்று அளந்தார்கள். இன்று டிரைக்கின் மேலே தெரிகிற ஒவ்வொரு கம்பியும் அப்படி வந்தது. "இது எதற்கு, சும்மா இருக்கு" என்று யாராவது கழற்றினால் 1970-களுக்கே திரும்பிப் போகிறார்.

இரண்டாவது, சொல்லித்தர ஆள் இல்லை. ஒற்றை இருக்கை விமானத்தில் ஆசிரியர் எங்கே உட்காருவார்? பெட்டியில் பாகங்கள் வரும், வீட்டுக் கொட்டகையில் பூட்டுவார்கள், புல்வெளியில் தத்தித் தத்திப் பழகுவார்கள். முதல் நாளே தனியாகத்தான். இரண்டு இருக்கை வந்து பயிற்சி முறையானதும் நிலைமை மாறியது.

மூன்றாவது, வலிமைக் கணக்கு இல்லாமலே கட்டியது. வடிவமைத்தவர்களே பலியானார்கள். 'வீட்ஹாப்பர்' என்ற பிரபலமான விமானத்தைக் கொடுத்த ஜான் சோட்டியா 1981-ல் சோதனைப் பறப்பில் இறந்தார்.

ஒருவர் பிழைத்த கதையும் உண்டு. 1975-ல் போரிஸ் போபோவ் என்பவரின் ஹேங் கிளைடர் 400 அடி உயரத்தில் உடைந்தது. ஏரியில் விழுந்ததால் உயிர் தப்பினார். விழுகிற அந்த நொடிகளில் கையில் ஒன்றும் இல்லையே என்ற கோபம் அவரை விடவில்லை. விமானம் முழுவதையும் தாங்கிக்கொண்டு இறங்கும் பாராசூட்டைச் செய்யும் நிறுவனத்தை 1980-ல் தொடங்கினார். 1983-ல் அது முதல் உயிரைக் காத்தது. இன்று நிறைய மைக்ரோலைட்களில் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். இழுத்தால் சின்ன ராக்கெட் பாராசூட்டை வெளியே இழுத்துவிடும்.

டிரைக், குச்சி வைத்த விமானம்: எது சுலபம்?

இரண்டும் சுலபம்தான், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதுதான் ஆபத்து. சாதாரண விமானத்தில் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு நிமிரும். டிரைக்கில் கம்பியை இழுத்தால் மூக்கு தாழும். நேர் எதிர். தரையில் சக்கரத்தைத் திருப்புவதும் அப்படியே: டிரைக்கில் வலது காலை மிதித்தால் வண்டி இடப்பக்கம் போகும், சைக்கிள் ஹேண்டிலைக் காலால் தள்ளுவது போல. பெரிய விமானத்தில் ஆயிரம் மணி நேரம் ஓட்டியவராக இருந்தாலும் டிரைக்கில் மாணவராகத்தான் உட்கார வேண்டும்.

எவ்வளவு தூரம் போக முடியும்?

ஈவ் ஜாக்சன் 1986-ல் இங்கிலாந்தில் கிளம்பி 1987-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார், 'ஷேடோ' என்ற மைக்ரோலைட்டில். 2-ஸ்ட்ரோக் காலம் அது! 1998-ல் பிரையன் மில்டன் திறந்த டிரைக்கில் உலகத்தையே சுற்றி வந்தார்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. கனடாவின் பில் லிஷ்மன், தான் வளர்த்த வாத்துக்கூட்டத்தைத் தன் விமானத்தின் பின்னால் பறக்கப் பழக்கி, 1993-ல் ஒன்டாரியோவிலிருந்து வர்ஜீனியாவுக்கு வலசைப் பாதை காட்டினார். 2001-ல் அதே முறையில், அழிவின் விளிம்பில் இருந்த 'ஹூப்பிங் கிரேன்' என்ற பெரிய வெள்ளைக் கொக்கின் குஞ்சுகளை டிரைக்கின் பின்னால் விஸ்கான்சினிலிருந்து ஃபுளோரிடா வரை கூட்டிப்போனார்கள். குஞ்சுகள் மனிதரோடு பழகிவிடக் கூடாது என்று ஓட்டியவர்கள் வெள்ளை அங்கி போர்த்தியிருந்தார்கள். புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரிக்கு வலசை வரும் பறவைகளைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். பறவையைப் பார்த்துப் பறக்கக் கற்ற மனிதன், பறவைக்கு வழி சொன்ன இடம் இது.

இந்தியாவில் இதற்கு வரலாறு உண்டா?

உண்டு. தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 1988-ல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு மைக்ரோலைட்டில் தனியாக 23 நாளில் வந்தார். பெங்களூருவில் ஜோயல் கோஷ்லின் தொடங்கிய ராஜஹம்சா நிறுவனம் செய்த எக்ஸ்-ஏர், பிரான்ஸ் உட்பட வெளிநாடுகளிலும் விற்றது. மேலே அலுமினியக் குழாய், துணி, நடுவில் இருவர் அருகருகே. நம் நாட்டில் தைத்துப் பூட்டிய விமானம் ஐரோப்பிய வானத்தில் பறந்தது என்பதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களுக்கு மைக்ரோலைட்டில் பறக்கிற அனுபவம் கிடைக்கிறது. 2015-ல் ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் நிறுவனத்திடம் விமானப்படை, கடற்படை, என்.சி.சி. மூன்றுக்குமாக 194 'வைரஸ்' மைக்ரோலைட்கள் வாங்க ஒப்பந்தம் ஆனது. அதன் உடல் முழுக்க ஃபைபர் வகை, மோட்டார் 912. ஜான் மூடி ஓடிப் பறந்ததற்கும் இதற்கும் நடுவில் 40 வருஷம்தான். கண்ணாடி மூடி, மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வேகம். அழகான விமானம், மறுக்கவில்லை. ஆனாலும் முகத்தில் காற்று அடிக்க, காலுக்குக் கீழே வயல் தெரிய உட்கார்ந்து போனதை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பாராமோட்டார் மைக்ரோலைட்டா?

உறவுதான். முதுகில் மோட்டார், தலைக்கு மேல் பாராசூட் போன்ற பாய். இறக்கையில் ஒரு கம்பிகூடக் கிடையாது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

நம் கடற்கரைக் காற்று இதற்கு ஒத்துவருமா?

காலையில் ஒத்துவரும். விடிந்து இரண்டு மணி நேரம் வரை காற்று அமைதி. வெயில் ஏறியதும் தரை சுட்டு, காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமிட்டு ஏறினால் அங்கே ஒரு குமிழ் இருக்கிறது என்று அர்த்தம். பருந்துக்கு அது விருந்து. 250 கிலோ டிரைக்கை அது தூக்கிப் போடும். நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும். கோடையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது இரண்டும் மோதுகிற எல்லையில் காற்று குழம்பும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும். அப்போது நினைக்கவே வேண்டாம். தை, மாசி காலைதான் எனக்குத் தெரிந்து நல்ல நேரம். எந்தக் காற்று எப்போது திரும்பும் என்பதைத் தேவனாம்பட்டினம் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் முகத்தில் படுவதை வைத்தே சொல்வார்கள்.

இன்னொரு எதிரி உப்பு. அலுமினியக் குழாயின் உள்பக்கம் வெளியே தெரியாமல் அரிக்கும். வெயில் துணியின் பலத்தைத் தின்னும். பாய் பளபளவென்று புதிதாகவே தெரியும், தொட்டால் கிழியும். ஊசியில் நூல் கோத்துத் துணியில் குத்தி, குறித்த எடைக்கு இழுத்துப் பார்ப்பது ஒரு வழக்கமான சோதனை. கிழிந்தால் பாய் அவ்வளவுதான்.

காற்று ஒத்துவந்தால் மட்டும் போதாது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி, விமானத்துக்குப் பதிவு, ஓட்டுபவருக்கு உரிமம் எல்லாம் வேண்டும். வடக்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மேல் வான்வெளி தடைசெய்யப்பட்டது. புதுச்சேரி லாசுப்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. கடற்கரை காலியாக இருக்கிறதே என்று யாரும் கிளம்பிவிட முடியாது.

சார், நானே ஒன்று செய்யலாமா?

தம்பி, செய்து வானில் ஏறாதே. இதை உரிமையோடு சொல்கிறேன்.

பல வருஷம் முன்னால், மூன்று மாணவர்களும் நானும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் 2-ஸ்ட்ரோக் இன்ஜினை மேஜையில் இறுக்கி, நானே தேக்கில் செதுக்கிய புரொப்பல்லரை மாட்டி ஓடவிட்டோம். பறக்கும் எண்ணம் இல்லை, தள்ளுவிசையை அளப்பதற்குத்தான். தராசு முள் ஏறுவதைப் பார்த்துப் பையன்கள் கத்தினார்கள். இன்னும் கொஞ்சம் என்று ஆக்சிலரேட்டரைத் திருப்பினேன். ஒரே சத்தம். ஒரு பக்க இலை முறிந்து தகரச் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. அது போன பாதையில் ஒரு நிமிடம் முன்புவரை ஒரு மாணவன் குனிந்து நின்றிருந்தான். யாருக்கும் அடிபடவில்லை.

பிறகு துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். நடுத்துளையின் பக்கத்தில் மரத்தின் இழை குறுக்காக ஓடியிருந்தது, உள்ளே ஒரு சின்னக் கண்ணும் இருந்தது. நல்ல புரொப்பல்லரை ஒற்றை மரத்தில் செதுக்காமல் மெல்லிய பலகைகளை ஒட்டி அடுக்கிச் செய்வது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. புத்தகத்தில் அந்த வரியை நான் முன்பே படித்திருந்தேன். அழகுக்கு என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அந்தத் துண்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கேட்கிற பையன்களுக்குக் கையில் கொடுத்துக் காட்டுவேன்.

செய்யத்தான் வேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்த வரிசையில் போ. முதலில் கிளைடர் மாடல் செய், மூக்கில் களிமண்ணை ஒட்டி எடையை நகர்த்தி நகர்த்தி அது ஏன் விழுகிறது, ஏன் மிதக்கிறது என்று பார். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேர். ஒரு 2-ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றி மாட்டப் பழகு. பிறகு பயிற்சி மையத்தில் முறையாகப் பறக்கக் கற்றுக்கொள். அதற்கப்புறமும் சொந்தமாகக் கட்ட ஆசை இருந்தால், நிரூபிக்கப்பட்ட வரைபடத்தை ஒரு அங்குலம்கூட மாற்றாமல், அனுமதியோடு கட்டலாம்.

உங்களோடு மாடல் விட வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?

தாராளமாக வரலாம். மழைக்காலம் தவிர எல்லா ஞாயிறும், காலை ஆறரைக்கு, தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருப்போம். ஒரு தெர்மாகோல் தட்டு, கத்தரிக்கோல், ஃபெவிகால், கொஞ்சம் களிமண், இவை போதும். பாய்க்கு வேண்டுமானால் பழைய குடைத் துணி கொண்டுவாருங்கள். வெயில் ஏறுவதற்குள் நாம் மூன்று நான்கு முறையாவது எறிந்து பார்த்துவிடலாம்.